டாடா 2515 டாரஸ்: வேறு கம்பெனி டர்போ ஸ்டட்டில் உட்காருகிறது, பைப் ஒன்றும் சேரவில்லை

டாரஸ்2515

எல்லோருக்கும் வணக்கம். வண்டி டாடா 2515, கம்மின்ஸ் 6பிடி 5.9 இன்ஜின். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட்ஸில் எடுத்தது. போன வாரம் நாசிக்கில் இருந்து திரும்பும்போது பிக்கப் விழுந்துவிட்டது. கருப்புப் புகை, டர்போ (புகையின் வீச்சில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) பக்கம் விசில் சத்தம். நாமக்கல் வந்து கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் ஆடுகிறது, காற்றுப் பக்க வீல் ஹவுசிங்கில் உரசிய தடம் தெரிகிறது.

ஒரிஜினல் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வெளியூர் ஸ்பேர்ஸ் கடை ஒன்றில் வேறு கம்பெனி டர்போ வாங்கினேன். பெட்டியில் இந்த இன்ஜினுக்கு என்றுதான் போட்டிருக்கிறது. புகை வெளியேறும் மேனிஃபோல்டில் நான்கு ஸ்டட்டும் சுத்தமாக உட்கார்ந்தது. அதற்கு மேல் ஒன்றும் சேரவில்லை.

ஆயில் ரிட்டர்ன் வாய் நேராகக் கீழே பார்க்காமல் இன்ஜின் பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. காற்று வெளியேறும் வாய் கேபின் பக்கம் திரும்பியிருக்கிறது, இன்டேக்குக்குப் போகும் குழாய் எட்டவில்லை. ஆயில் ஃபீட் பைப்பின் நட் ஒன்றரை மரை ஏறி நின்றுவிட்டது. சைலன்சர் பைப் ஒரு விரல் அளவுக்கு முட்டுகிறது.

மேனிஃபோல்டு ஃபிளாஞ்சை அறுத்துத் திருப்பி வெல்டு வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் மெக்கானிக். சேலத்தில் ஜவ்வரிசி லோடு பேசியாகிவிட்டது, நான்கு நாள்தான் இருக்கிறது. அறுக்கச் சொல்லட்டுமா?

சங்ககிரிபட்டறை

தம்பி, அறுக்க வேண்டாம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் வெல்டு வைத்தால் முதல் ஏற்றத்திலேயே விரிசல் விடும். நீங்கள் சொன்ன நான்கில் இரண்டு பிரச்சினையே இல்லை, டர்போவை வாங்கின நிலையிலேயே வைத்துப் பார்த்ததால் வந்தது.

டர்போவை மூன்று துண்டாகப் பாருங்கள். மேனிஃபோல்டில் உட்காரும் இரும்பு ஹவுசிங், பேரிங் இருக்கும் நடு உடம்பு, காற்றுப் பக்க அலுமினிய ஹவுசிங். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று திரும்பும். ஒரே டர்போ லாரிக்கும் போகும், ஜெனரேட்டருக்கும் போகும், ஒவ்வொன்றுக்கும் வாய்கள் வேறு திசையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இரும்புப் பக்கம் சுற்றிப் பிடிக்கும் வி பேண்டு போட்டிருக்கிறார்கள். காற்றுப் பக்கம் சிலதில் பேண்டு இருக்கும், சிலதில் பெரிய சர்க்ளிப் இருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் ரிட்டர்ன் வாய், அப்புறம் காற்று வாய், கடைசியில் மற்றவை. பல பேர் கண்ணுக்குத் தெரிகிற காற்றுக் குழாயை முதலில் சேர்த்துவிட்டு, ரிட்டர்ன் எப்படி வருகிறதோ வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். டர்போ அங்கேதான் சாகிறது.

ஃபீட் பைப்பில் ஆயில் பிரஷரோடு வருகிறது. பேரிங்கைக் கடந்து வெளியே வரும்போது அதில் பிரஷர் கிடையாது. காற்றுக் கலந்து நுரையாக, தன் எடையில்தான் இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்க வேண்டும். ரிட்டர்ன் வாய் செங்குத்தில் இருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. சாய்ந்தால் நடு உடம்பில் ஆயில் தேங்கி, ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் தள்ளிக்கொண்டு வரும். ஒரு பக்கம் இன்டேக்கில் ஆயில், மறுபக்கம் சைலன்சரில் நீலப் புகை. உடனே சீல் போய்விட்டது, டர்போ டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். சீல் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி ரிட்டர்ன் வாய் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கண் அளவை நம்ப வேண்டாம், இன்ஜினே சேஸில் கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும்.

திருப்புவதற்கு முன் மூன்று துண்டிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வையுங்கள். பேண்டு நட்டைத் தளர்த்தி, பேண்டைச் சுற்றிலும் மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். புதுசு என்பதால் சுலபமாக விடும். ஸ்க்ரூடிரைவரை நடுவில் கொடுத்து நெம்பக் கூடாது. ஹவுசிங் கோணலாக இழுத்தால் வீலின் இறக்கை வளையும். நகக்கண் அளவு வளைவு போதும், நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும்போது அந்த வளைவே பேரிங்கைத் தின்றுவிடும்.

இளம்மெக்கானிக்

அண்ணா சொன்னது சரி. ஃபீட் பைப்புக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மரை ஏறவில்லை என்றால் டெஃப்லான் டேப் நாலு சுற்றுச் சுற்றி நீளமான ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள், ஏறிவிடும். நான் இரண்டு வண்டியில் செய்திருக்கிறேன், ஒழுகவில்லை.

ஈரோடுலேத்

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம், இதைச் செய்யாதீர்கள். ஒழுகாமல் இருப்பது ஒரு கணக்கே இல்லை. அந்த டேப்பின் ஒரு நூல் கிழிந்து உள்ளே போனால் பேரிங்கின் ஆயில் ஓட்டையில் போய் அடைக்கும். ஓட்டை எவ்வளவு சின்னது என்று நடு உடம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தீக்குச்சி நுழைவதே கஷ்டம். ரிட்டர்ன் ஃபிளாஞ்சில் சிலிக்கான் பேஸ்ட் அப்புவதும் இதே தப்புத்தான். பிதுங்கி உள்ளே போனது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே காகித பேக்கிங் மட்டும் போதும். பேக்கிங்கின் ஓட்டை வாயை மறைக்காமல் இருக்கிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மரைக்கு வருகிறேன். ஒன்றரை மரை ஏறி நிற்பது, மரையின் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி, வேறு என்பதற்கு அடையாளம். எம்12 என்று இரண்டு பேர் சொல்வார்கள், ஒருவர் கையில் 1.25 பிட்ச், இன்னொருவர் கையில் 1.5. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். அங்குலக் குழாய் மரைகளிலும் இதே சிக்கல். எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) மரை அங்குலத்துக்கு 28, என்பிடி (அமெரிக்க அளவு) 27. மரையின் கோணமும் ஒன்று 55 டிகிரி, மற்றது 60. இரண்டையும் சேர்த்தால் ஒன்றிரண்டு மரை ஏறும், அப்புறம் நீளமான ஸ்பேனரின் பலத்தில் ஒன்று மற்றொன்றை வெட்டிக்கொண்டு போகும். வெட்டிய தூள் ஆயிலோடு போகும்.

மரை கேஜ் எந்த லேத்திலும் இருக்கும். பைப்பையும் டர்போவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். டர்போ பக்கம் ஒரு மரை, பைப் பக்கம் ஒரு மரை வைத்து ஒரு அடாப்டர் கடைந்துவிடலாம். அரை மணி நேர வேலை. முக்கியமாக, அடாப்டரின் உள் ஓட்டை பழைய பைப்பின் ஓட்டையைவிடச் சின்னதாகிவிடக் கூடாது.

பம்ப்ரூம்

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், யாரும் கேட்கவில்லை. மேனிஃபோல்டின் வாயில் நடுச்சுவர் இருக்கிறதா? புது டர்போவின் வாயிலும் இருக்கிறதா?

இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. முன்பக்கம் 1, 2, 3 ஒரு அறை, பின்பக்கம் 4, 5, 6 இன்னொரு அறை. ஆர்டரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: முன், பின், முன், பின், முன், பின். ஒரு சிலிண்டரின் புகை வீச்சு அடுத்ததை இடிக்காமல், மாறி மாறி வீலில் போய் அறையும். லோடோடு முதல் கியரில் கிளம்பும்போது வரும் அந்த இழுவைக்கு இது ஒரு பெரிய காரணம். மேனிஃபோல்டில் சுவர் இருந்து டர்போவில் இல்லை என்றால் வண்டி ஓடும், ஆனால் அடி ஆர்பிஎம்மில் சோம்பலாக இருக்கும். தவிர கேஸ்கெட்டின் நடுப்பட்டைக்குப் பின்னால் தாங்கல் இருக்காது. எரிந்து உடைந்தால் நேராக வீலுக்குள் போகும்.

சுவர் இல்லாத டர்போ என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

டாரஸ்2515

இவ்வளவு பேர் எழுதியதற்கு மிக்க நன்றி. நேற்று முழுவதும் வண்டியடியில்தான்.

சுவர் இரண்டிலும் இருக்கிறது, நிம்மதி. சங்ககிரி அண்ணா சொன்னபடி தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தோம். ரிட்டர்ன் வாய் கிட்டத்தட்ட 50 டிகிரி சாய்ந்திருந்தது. பேண்டைத் தளர்த்தித் தட்டியதும் நடு உடம்பு கையாலேயே திரும்பியது. மெக்கானிக் அண்ணனே ஆச்சரியப்பட்டுவிட்டார். இருபது வருட அனுபவம் அவருக்கு, ஆனால் ஒரிஜினல் மட்டுமே மாட்டியதால் இதைத் திருப்ப வேண்டிய அவசியம் வந்ததே இல்லையாம். இப்போது ரிட்டர்ன் வாய் நூலுக்கு நேராக இருக்கிறது. காற்று வாயையும் திருப்பியாகிவிட்டது, குழாய் தானாகப் போய்ச் சேர்கிறது.

பிட்ச் விஷயமும் ஈரோடு அண்ணா சொன்னதுதான். டர்போவில் 1.5, பைப்பில் 1.25. எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் எப்போதோ பைப்பை மாற்றியிருக்கிறார் போல.

புதுச் சிக்கல் ஒன்று. காற்று ஹவுசிங்கைத் திருப்பியதும் அதோடு ஆக்சுவேட்டர் டப்பாவும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. டப்பாவின் கம்பி இப்போது வேஸ்ட்கேட் (அதிகப் புகையை வீலுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) கையைக் கோணலாக இழுக்கிறது. கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிடலாமா?

சங்ககிரிபட்டறை

கம்பியை வளைக்க வேண்டாம். வளைந்த கம்பி டப்பாவின் வாயில் உரசும், சூட்டில் ஒரு நாள் திறந்தபடியே சிக்கும், இல்லை மூடியபடியே சிக்கும். திறந்து சிக்கினால் பிக்கப் போகும். மூடிச் சிக்கினால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறி, ஹெட் கேஸ்கெட் வரைக்கும் போகும்.

டப்பாவைத் தாங்கும் பிராக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும். அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு, 5 மி.மீ. தகட்டில் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். கம்பி, டப்பாவின் நடுவில் இருந்து வேஸ்ட்கேட் பின்னுக்கு ஒரே நேர்கோட்டில் போக வேண்டும். அப்புறம் கம்பியின் நீளம். வால்வை முழுக்க மூடிப் பிடித்துக்கொண்டு பாருங்கள், கம்பியின் கண் பின்னைவிடக் கொஞ்சம் உள்ளே நிற்க வேண்டும். இழுத்துத்தான் மாட்ட வேண்டும். தளர்வாக மாட்டினால் பூஸ்ட் வருவதற்கு முன்பே வால்வு கசியும். கையில் பிடிக்கும் ஏர் பம்பும் கேஜும் வைத்து, எத்தனை பிரஷரில் கம்பி நகர ஆரம்பிக்கிறது என்று பழைய டர்போவிலும் பாருங்கள், புதியதிலும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

கரூர்டிரைவர்

இவ்வளவு சிரமப்படுகிறீர்கள், ஒரு சைஸ் பெரிய டர்போவாகவே போட்டு, பம்பில் டீசலையும் கொஞ்சம் ஏற்றிவிட்டால் தொப்பூர் ஏற்றத்தில் பறக்குமே? எனக்குத் தெரிந்த ஒருவர் செய்திருக்கிறார்.

பம்ப்ரூம்

என் வேலையே பம்ப் செட் செய்வது. மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டு வருகிறார்கள், நான் செய்வதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு வண்டிக்கு ஓனர் கெஞ்சியதால் டீசலை ஏற்றிக் கொடுத்தேன். மூன்று மாதம் சந்தோஷமாக ஓட்டினார். அப்புறம் பிஸ்டனைக் கையில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பிஸ்டனின் தலையில் ஸ்பிரே விழும் இடம் மெழுகு உருகின மாதிரி வழிந்திருந்தது. அதிக டீசல் என்றால் அதிகச் சூடு. ஏற்றத்தில் லோடோடு பத்து நிமிடம் தொடர்ந்து மிதிக்கும் லாரி அந்தச் சூட்டைத் தாங்காது. அந்தப் பிஸ்டனை இன்னும் கடையில் வைத்திருக்கிறேன், கேட்டு வருகிறவர்களிடம் காட்டுவதற்கு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. அதே அளவு டர்போவை மாற்றுவது ரிப்பேர், பெரியதைப் போடுவது மாற்றம். புகைச் சோதனையில் பிஎஸ்4 புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தியின் எல்லை மீட்டருக்கு 2.45. டீசலை ஏற்றினால் அதைத் தாண்டும், எஃப்சி (தகுதிச் சான்று) அன்று மாட்டுவீர்கள்.

ஈரோடுலேத்

சைலன்சர் பைப்பை மறந்துவிட்டோம். நடு உடம்பைத் திருப்பினாலும் அது மாறாது, இரும்பு ஹவுசிங்கின் நீளம்தான் வேறு. எவ்வளவு முட்டுகிறது?

டாரஸ்2515

12 மி.மீ. அண்ணா. செயின் பிளாக் போட்டுப் பைப்பை இழுத்துப் பிடித்துக் கிளாம்பை மாட்டிவிடலாம் என்று பேச்சு ஓடுகிறது.

ஈரோடுலேத்

இழுத்து மாட்டிய பைப் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். லோடில் அந்த ஹவுசிங் 600, 700 டிகிரிக்குப் போகிறது. இரும்பு அந்தச் சூட்டில் நீள வேண்டும், நீள இடம் இல்லை என்றால் எங்கே மெலிசோ அங்கே விரிசல் விடும். பெரும்பாலும் மேனிஃபோல்டின் கழுத்தில்.

பைப்பில் 12 மி.மீ. குறைத்துவிடுங்கள். அறுத்த இரண்டு துண்டையும் வண்டியிலேயே வைத்து, மூன்று இடத்தில் பொட்டு மட்டும் வையுங்கள். முழு வெல்டு வெளியே எடுத்துத்தான். டர்போவில் மாட்டியபடி வெல்டு வைத்தால் கசடு உதிர்ந்து வீலில் விழும். பொட்டு வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், ஆல்டர்னேட்டர் தப்பிக்கும். அப்புறம் அந்தப் பைப்பின் எடை டர்போவில் தொங்கக் கூடாது. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஹேங்கரில் ரப்பர் இருக்கிறதா பாருங்கள், பாதி வண்டியில் இருக்காது.

சங்ககிரிபட்டறை

எல்லாம் மாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பழைய டர்போ ஏன் போனது? அதன் காற்று வீலைத் துடைத்து, இறக்கையின் முனையை விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். இறக்கை மழுங்கியிருந்தால் மண். நடு உடம்பு நீலம் பாய்ந்து பேரிங் தீய்ந்திருந்தால் ஆயில் வரவில்லை. ரிட்டர்னில் கரி அடைத்திருந்தால் சூட்டோடு வண்டியை ஆஃப் செய்யும் பழக்கம். சம்பின் காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்திருந்தாலும் ரிட்டர்ன் ஆயில் இறங்காது, அதையும் பாருங்கள்.

டாரஸ்2515

அண்ணா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

துடைத்துப் பார்த்தோம். இறக்கையின் முனை ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழு என்று தேய்ந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் புதுசு, போன சர்வீஸில் மாற்றியது. அப்புறம் ஃபில்டரில் இருந்து டர்போவுக்கு வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றினோம். டர்போ பக்க முனையில், கிளிப்புக்கு அடியில், சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். ஹோஸின் வாய் பெரிது, டர்போவின் வாய் சின்னது. 4 மி.மீ. வித்தியாசம். அப்படியென்றால் என் பழைய டர்போவும் ஒரிஜினல் இல்லை, எனக்கு முன்னால் யாரோ இதே சிக்கலில் மாட்டி டியூப்பைச் சுற்றி முடித்திருக்கிறார்கள். சூட்டில் டியூப் வெடித்து, கீழ்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரிசி நுழையும் அளவுக்கு இடைவெளி. டியூப்பில் செம்மண் அப்பியிருந்தது. ஃபில்டரைத் தாண்டி, அந்த வழியாகத்தான் இரண்டு வருடமாக மண் போயிருக்கிறது.

புது டர்போவின் வாயும் அதே சின்ன அளவுதான். இதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் மறுபடியும் அந்த டியூப் மேலேயே கிளிப் போட்டு முடித்திருப்போம்.

சங்ககிரிபட்டறை

ஒரு முனை பெரிது, ஒரு முனை சின்னது என்று சிலிக்கான் ரெட்யூசர் ஹோஸ் கிடைக்கும், இரண்டு வாயையும் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். கம்பிக் கிளிப் வேண்டாம், அகலமான போல்ட் கிளிப். பின்னால் இன்டேக் குழாயையும் உள்ளே துணிவிட்டுத் துடையுங்கள், பழைய வீலின் தூள் கிடக்கும்.

மாட்டியதும் ஃபில்டர் பக்க வாயை அடைத்து, மிகக் குறைந்த காற்றுக் கொடுத்து, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழ் வந்தால் கசிவு.

கிளப்பும் விதம்: ஃபீட் ஓட்டையில் சுத்தமான ஆயில் ஊற்றி வீலை விரலால் சுற்றுங்கள். ரிட்டர்ன் பைப்பை மாட்டாமல் கீழே ஒரு டப்பா வையுங்கள். ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடியுங்கள், டப்பாவில் ஆயில் விழும் வரைக்கும். விழுந்த பிறகுதான் ரிட்டர்னை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள், ரேஸ் கொடுக்க வேண்டாம்.

டாரஸ்2515

நேற்று இரவு பதினொரு மணிக்கு ஸ்டார்ட் செய்தோம். மூன்றாவது செல்ஃபில் டப்பாவில் ஆயில் விழுந்தது, முதலில் சொட்டாக, அப்புறம் நூலாக. கிளீனர் பையன் டார்ச் பிடித்துக்கொண்டு "வருதுண்ணா, வருதுண்ணா" என்று கத்தினான். சோப்புத் தண்ணீரில் இன்டேக் மூட்டு ஒன்று மட்டும் குமிழ் விட்டது, கிளிப்பை மாற்றியதும் நின்றது.

இன்று காலை சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக் கிளம்பி, தொப்பூர் ஏறி, தர்மபுரி தாண்டி நிறுத்தியிருக்கிறேன். ஏற்றத்தில் ஒரு கியர் கூடவே நின்றது. கண்ணாடியில் பார்த்தேன், புகை இல்லை. விசில் சத்தம் இல்லை. ரிட்டர்ன் பக்கம் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது.

சங்ககிரிபட்டறை

ரொம்பச் சந்தோஷம் தம்பி. ஆஃப் செய்யும் முன் இரண்டு நிமிடம் ஐடில். 500 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட் நான்கையும் ஒருமுறை பாருங்கள், புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும்.

டாரஸ்2515

புனே வந்ததும் காலையில் பார்த்தேன் அண்ணா. இரண்டு நட் கால் சுற்று வந்தது, மற்ற இரண்டும் அசையவில்லை. ஹோஸ் கிளிப்புகள் அப்படியே இருக்கின்றன. ஈரோடு அண்ணா கடைந்து கொடுத்த அடாப்டரின் அளவுகளை ஊருக்கு வந்ததும் இங்கே போடுகிறேன், இதே டர்போ வாங்கின யாருக்காவது வேண்டியிருக்கும்.